நெல் மூடையிலிருந்து இரும்புத் தட்டுக்கு

ஒரு புசல் நெல்லின் நிறை ஏறக்குறைய 21 கிலோ. உடற்பயிற்சி நிலையத்தில், தட்டு எதுவும் மாட்டாத நீண்ட பாரின் நிறை 20 கிலோ. மூன்று புசல் கட்டிய மூடை 60 கிலோவைத் தாண்டும். பாரின் இரு பக்கமும் 20 கிலோத் தட்டு ஒவ்வொன்று மாட்டினால் அதுவும் 60 கிலோ. கிளிநொச்சியில் ஓர் அப்பப்பா வரம்பு வழியே கூலிக்குச் சுமந்ததும், அவருடைய பேரன் இன்று மாதக் கட்டணம் கட்டித் தூக்குவதும் ஏறத்தாழ ஒரே நிறைதான். சுமக்கிற விதமும் சுமப்பதற்கான காரணமும் மாறிவிட்டன. அதனால் உடலுக்கு வருகிற கேடும் மாறிவிட்டது.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930களில் தொடங்கிய குடியேற்றம், 1950களில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று விரிந்தது. காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டிய தலைமுறை அது. ஐப்பசியில் காலபோக விதைப்பு, தை மாசியில் அருவி வெட்டு, அதன் பின் சூடடிப்பு. நாளில் எத்தனை மணி நேரம் உடல் அசைந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்குள் எழுதாத ஓர் ஒழுங்கு இருந்தது. பிள்ளை முதலில் வயலுக்குத் தேத்தண்ணீர்க் கேத்தல் கொண்டுபோனான். பிறகு உப்பட்டி அள்ளினான். பிறகு கதிர்க்கட்டுச் சுமந்தான். முழு மூடை அவன் முதுகில் ஏறியபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. தூக்கிவிட இருவர், இறக்கிவிட ஒருவர் பக்கத்தில் நின்றார்கள்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், வவுனியா நகருக்கு வடக்கே தேசிய மின்சாரம் இல்லாமற்போனது. எரிபொருளும் மின்கலமும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னி, 2009வரையான இரு தசாப்தங்களையும் பெரும்பாலும் சைக்கிளில்தான் கடந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுவரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கரியரில் விறகும் பாரில் பிள்ளையுமாக அந்த வீதியில் மிதித்தவர்கள் ஏராளம். ஜிம் என்ற எண்ணமே எழ இடமில்லாத காலம் அது. அதைப் பொற்காலம் என்று சொல்லவும் இடமில்லை. மெலிந்த உடலுக்குக் காரணம் உழைப்பு மட்டும் அன்று. உணவுத் தட்டுப்பாடும் இடப்பெயர்வும் மலேரியாவும் கூடத்தான். காய்ச்சல் கண்டவரைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன ஊர்கள் இவை.

மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. நுளம்பு விட்ட இடத்தைச் சீனி பிடித்துக்கொண்டது. 2005–06இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2018–19இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வில் அது ஏறக்குறைய 23 வீதம். இடைப்பட்ட காலத்தில் ஏ9 வீதி அகலமானது, 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது, மின்சாரம் வந்தது. அருவாள் பிடித்த கைகளின் வேலையை அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. சைக்கிள் நின்ற முற்றத்தில் தவணைக் கட்டண மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் நின்றன.

இலண்டன் பேருந்துகளை வைத்து ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். மாடிப் பேருந்தில் நாள் முழுவதும் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, இருந்த இடத்தில் இருந்து ஓட்டிய சாரதிகளுக்கே இதயநோய் அதிகம் என்று அது காட்டியது. ஒரே பேருந்து, ஒரே சம்பள வர்க்கம், வேறுபாடு அசைவில். வன்னியில் அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்: தகப்பன் நடத்துநரின் உடலோடு வாழ்ந்தார், மகன் சாரதியின் உடலோடு வாழ்கிறான்.

ஆகவே ஜிம் வந்ததில் பிழை இல்லை. வேலை தராத அசைவை எங்கேயாவது தேடத்தான் வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆண்களின் இடம் என்று தொடங்கிய ஜிம்கள் பெண்களுக்கு நேரம் ஒதுக்கத் தொடங்கியிருப்பதும் ஒரு வரவு. உலக்கையும் கிணற்றுக் கயிறும் பெண்ணுக்குக் கடமையாகத் தந்த வலுவை, இன்று அவள் விரும்பித் தேடிக்கொள்ளலாம். கால் இழந்தவர் தோளையும் இடுப்பையும் வலுப்படுத்த, பாரிசவாதம் கண்டவர் கையை மீட்க, முறையான பயிற்சியைப் போல உதவுவது குறைவு.

வரவை எழுதியபின் செலவையும் எழுத வேண்டும். முதற் செலவு அவசரம். கேத்தலில் தொடங்கி மூடையில் முடிய அன்று பத்து ஆண்டு பிடித்தது. இன்று கலியாண வீட்டுக்கு முன் மூன்று மாதத்தில் உடம்பு வேண்டும் என்கிறார்கள். தசை சில கிழமைகளில் வலுக்கொள்ளத் தொடங்கும்; அதைத் தாங்கும் தசைநாரும் மூட்டும் அதே வேகத்தில் வலுவடைவதில்லை. தோள்மூட்டுக் கிழிவும் இடுப்புப் பிடிப்பும் முழங்கால் நோவும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இதயத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உடலை வருத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது 2.4 மடங்கு. வாரத்தில் ஒருமுறைகூட அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு 107 மடங்கு. மூடை சுமந்தவர் முதல் வகை. நாற்பது வயதுவரை அலுவலகக் கதிரையில் இருந்துவிட்டு, திடீரென ஒரு திங்கட்கிழமை பாரைப் பிடிப்பவர் இரண்டாம் வகை. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 ஒக்டோபர் 29ஆம் திகதி, ஜிம் பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் என்று சொல்லி, அன்றே இறந்தபோது அவருக்கு வயது 46. நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவாஸ்தவ் 2022 ஓகஸ்டில் டெல்லியில் ட்ரெட்மில்லில் ஓடும்போது சாய்ந்தார். அடுத்த மாதம் இறந்தார். இவர்களை ஜிம் கொன்றது என்று சொல்ல முடியாது. பழக்கப்பட்ட உடலுக்கு ஆபத்து மிகச் சிறிது: அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சியை ஒட்டிய திடீர் மரணம் ஏறக்குறைய 15 இலட்சம் தடவைக்கு ஒன்றுதான். ஆனால் மறைந்திருக்கும் இதயநோயும் அளந்து பாராத இரத்த அழுத்தமும் பாரத்துக்கு அடியில் வெளிப்படும்.

மூச்சையும் பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர்கள் அம்பாப் பாடல் பாடித்தான் இழுத்தார்கள். ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். குரல் வெளியே வரும்போது மூச்சும் வெளியே வந்தது. எல்லாருடைய பலமும் ஒரே கணத்தில் கயிற்றில் விழுந்தது. களைத்தவர் எவர் என்பதும் குரலிலேயே தெரிந்தது. இன்று பல இடங்களில் வலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. ஜிம்மில் காதுக்குள் பாட்டு ஒலிக்க, வாய் மூடியிருக்க, மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தைத் தள்ளுகிறார்கள். 1985இல் கனடாவில் ஆணழகர் ஐவரிடம் செய்த அளவீட்டில், மிகக் கனமான பாரத்தைக் கால்களால் தள்ளும்போது இரத்த அழுத்தம் சராசரியாக 320க்கு 250வரை உயர்ந்தது. அமைதியாக இருக்கும்போது அது 120க்கு 80. நல்ல குழாய்கள் அதைத் தாங்கும். பல ஆண்டுகளாக அழுத்தம் கூடியிருந்தும் ஒரு நாளும் அளக்காதவரின் மூளைக்குழாய் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பாரத்தை உயர்த்தும்போது மூச்சை விட வேண்டும் என்பது ஜிம்மின் முதற் பாடம். அம்பா அதைப் பாடமாகச் சொல்லாமலே பழக்கியிருந்தது.

அடுத்தது, சிறுநீரகம். இது மற்ற ஊர்களைவிட வன்னிக்கு நெருக்கமான கவலை. காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டது. பதவியாவும் மதவாச்சியும் அதன் பழைய களங்கள். எல்லைக்கு இப்பால் வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் அது உண்டு. கடினநீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெக்கையில் நீரிழப்பு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அப்படிப்பட்ட மண்ணில், தகரக் கூரையின் கீழ், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், பங்குனி சித்திரை வெயிலில் ஒருவர் மணிக்கணக்காக வியர்க்கிறார். பழக்கமில்லாத உடலை அளவு மீறி வருத்தினால் தசை சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போவது அதன் அடையாளம். நோவுக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டிக்ளோபெனாக், ஐபுபுரொஃபென் குளிசைகள், நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். அன்றைய வயற்காரர் வெயில் ஏற முன் இறங்கினார். உச்சி வேளையில் மரநிழலில் படுத்தார். மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் குடித்தார். உப்பும் நீரும் திரும்பிச் சேர்ந்தன. அப்படியிருந்தும் நோய் வயற்காரரைத்தான் முதலில் பிடித்தது. வெக்கையை அற்பமாக எண்ணக்கூடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உணவுக்கு வருவோம். உழுத்தங்களி, குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ், குளத்து மீன், முற்றத்துக் கோழி முட்டை ஆகியவற்றில் தசைக்கு வேண்டிய புரதம் இருந்தது. அப்படி ஒரு பெயரால் யாரும் அழைக்கவில்லை. இன்று புரதம் பேணியில் வருகிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணன் அனுப்புகிறார். இல்லாவிட்டால் இணையத்தில் வாங்குகிறார்கள். 2022இல் ரூபாய் சரிந்தபின் அசல் பேணியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. எட்டாத விலை இருக்கும் இடத்தில் போலியும் வந்து நிற்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அளவான புரதப் பவுடர் கேடு செய்வதில்லை. நோய் தொடங்கிய சிறுநீரகத்துக்கு அது சுமை. கிரியேட்டின் எடுப்பவரின் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடிக் காட்டலாம். சிறுநீரக நோய்க்காக அடிக்கடி இரத்தம் பார்க்கிற மாவட்டத்தில், அதை வைத்தியரிடம் சொல்லாமல் விட்டால் குழப்பமே மிஞ்சும்.

பேணியைத் தாண்டினால் ஊசி. தசையை வீங்கவைக்கும் ஸ்டெரொயிட் மருந்து இதயத் தசையைத் தடிக்கச் செய்யும். நல்ல கொழுப்பைக் குறைக்கும். விரையைச் சுருக்கி விந்தணுவைக் குறைக்கும். ஆணின் மார்பைப் பெண்ணின் மார்புபோல் ஆக்கும். ஊக்கமருந்துக்கு எதிரான சட்டத்தை இலங்கை 2013இல் நிறைவேற்றியது. ஆனால் அதன் பரிசோதனை போட்டி வீரரை நோக்கியது. கண்ணாடிக்கு முன் நிற்கும் இளைஞனிடம் அது வருவதில்லை. அறியாமல் உட்கொள்வதும் உண்டு. 2011 உலகக் கிண்ணக் காலத்தில் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்கவின் மாதிரியில் வேறு வகை ஸ்டெரொயிட்டான பிரட்னிசொலோன் கண்டுபிடிக்கப்பட்டு மூன்று மாதத் தடை விழுந்தது. தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்திலிருந்து அது வந்தது. நாட்டு மருந்து என்ற பெயரே பாதுகாப்பு ஆகாது. மேல்நாட்டுப் பேணி என்ற பெயரும் அப்படித்தான்.

பெரும்பாலான ஊர் ஜிம்கள் கேட்கத் தேவையில்லாத கேள்வி ஒன்று வன்னி ஜிம்மில் கேட்கப்பட வேண்டும்: உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா? 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், முள்ளிவாய்க்காலில் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு 2025இல் வயது 24. ஜிம்மின் முதன்மை வாடிக்கையாளரின் வயது அது. எடுக்க முடியாத, அல்லது எடுக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் விட்ட செல் துண்டுகளோடு வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள். எலும்புக்குத் தகடு வைத்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான துண்டுகள் தசைக்குள் சும்மா கிடக்கும். மூட்டுக்குள்ளோ நரம்புக்கு அருகிலோ இருப்பவை பாரம் ஏறும்போது உறுத்தும். பயிற்சி தொடங்க முன் ஒரு எக்ஸ்ரே போதும், எந்த அசைவைத் தவிர்ப்பது என்று தெரிந்துகொள்ள. அன்று காயத்தைப் பற்றி அயல் முழுவதற்கும் தெரியும். "அவனை உந்தத் தோளில் ஏத்தாதே" என்று சொல்ல ஆள் இருந்தது. இன்று நீளக்கை உடுப்புக்குள் தழும்பு மறைந்திருக்கிறது. சொல்லாத காயம் பயிற்றுநருக்குத் தெரியாது.

இயந்திரத்துக்கும் தன் கேடு உண்டு. சைக்கிள் மிதிப்பவர் களைத்தால் சைக்கிள் நிற்கும். ட்ரெட்மில் நிற்காது, களைத்தவரைப் பின்னுக்கு எறியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பட்டி நின்றாலும் உடல் முன்னே போகும். விழுந்தால் பட்டியை நிறுத்துவதற்காகக் கைபிடியோடு தொங்கும் பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் கொழுவிக்கொண்டு ஓடுபவர் சிலரே. மாறாக, 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழைய சைக்கிள்கள் தாழ்வாரத்திலிருந்து மீண்டும் வீதிக்கு வந்தன. வரிசை குறைந்ததும் அவை தாழ்வாரத்துக்கே திரும்பின.

மேலும் சில சிறிய கேடுகள்: துடைக்காத மெத்தையிலும் பொதுத் துவாயிலும் பரவும் படர்தாமரை, பூட்டு மாட்டாத பாரிலிருந்து வழுகி விழும் தட்டு, காலி நேரத்தில் தனியே மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் பாரம் தூக்கி, திரும்ப வைக்க முடியாமல் அகப்படுவது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம்: பார்க்கும் கண் இல்லை. பயிற்றுநர் என்று நிற்பவரிடம் தசை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தகைமை இருக்கிறதா என்று கேட்பதில்லை. மைதானத்தில் விளையாட்டுக் கழகம் கரப்பந்தாடிய காலத்தில் விழுந்தவனைத் தூக்க ஒரு அணியே இருந்தது. கிளித்தட்டும் கயிறு இழுத்தலும் ஒருவரால் ஆட முடியாதவை. ஜிம்மோ இருபது பேர் ஒரே அறையில் தனித்தனியாக இருக்கும் இடம். ஒவ்வொருவரும் பார்ப்பது கண்ணாடியை.

இவ்வளவு எழுதியபின் அன்றைய நாளுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்னால் அது பொய்யாகும். மூடை சுமந்தவர்களில் பலர் ஐம்பது வயதில் கூனினார்கள். குடலிறக்கத்தோடு வேலை செய்தார்கள். பாம்பு கடித்தது. கூலி குறைந்தது. மேலாக, அந்தப் பாரத்தை வேண்டாம் என்று கீழே வைக்கிற உரிமை அவர்களுக்கு இல்லை. பேரனுக்கு அந்த உரிமை உண்டு. பெரிய வரவு அதுதான். அப்பப்பாவிடம் இருந்து பேரனுக்கு வராமற்போனவை மூன்று: மெல்ல மெல்ல ஏற்றிய பாரம், வேளை அறிந்த ஓய்வு, பக்கத்தில் நின்ற ஆள். மூன்றும் காசு கேட்பவை அல்ல. இன்றைய ஜிம்முக்குள்ளேயே அவற்றைக் கொண்டுவரலாம்.

ஆகவே ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்தி வருகிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் காசில்லாமல் பார்க்கலாம். 35 வயதைக் கடந்தவர்கள் முதலில் அங்கே போங்கள், ஜிம்முக்குப் பிறகு போங்கள். வெறும் பாரில் தொடங்குங்கள். பழைய காயத்தைப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். நோவுக் குளிசையை மறந்துவிடுங்கள். சிறுநீர் கறுத்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு இறுகினால் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு, வெட்கப்படாமல் 1990ஐ அழையுங்கள். 2018 ஜூலையிலிருந்து அந்த நோயாளர் காவு வண்டிச் சேவை வட மாகாணத்திலும் இலவசமாக இயங்குகிறது.